குதிரை வந்தது, கலை வந்ததா?

பெயர் என்பது முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அதனை வைத்திருப்போர் பலர். அதற்குரிய தகுதியையும் சேர்த்து வைத்திருப்போர் சிலர். முப்பதாண்டுகள் தமிழ் பயிற்றி ஓய்வு பெற்ற பின்னரே, அதுவும் கடல்கடந்து வந்த ஒருவர் கேட்ட சிறு வினாவினால், இவ்வுண்மையை யாம் உணர நேர்ந்தது. அந்நிகழ்ச்சியையும் அது எம்மை அழைத்துச் சென்ற சிந்தனைகளையும் இம்மலரின் வாயிலாக மாணவர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் எடுத்துரைக்க விழைகிறோம்.

விருந்தினர் கேட்ட வினா

எம் இளைய மகன் ஒரகடத்தில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறான். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வாடகை வீடொன்றில் அவன் குடும்பம் வாழ்கிறது. சென்ற மார்கழியில் அங்கே ஒரு மாதம் தங்கியிருந்தோம். வைகறைத் தொழுகை முடிந்து வெளியே வந்தால், ஏரிப் பக்கத்திலிருந்து பனி படர்ந்து வரும். அப்பனியைக் கிழித்துக்கொண்டு முதல் ஷிப்டுக்குரிய தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்லும். புதிய கார்களை இரண்டு அடுக்காய் ஏற்றிய நெடிய லாரிகள் துறைமுகம் நோக்கி நகரும். யாமோ கம்பளித் துண்டால் காதை மூடிக்கொண்டு தேநீர்க் கடை வாயிலில் நிற்போம்.

ஒருநாள் மகன் தன் தொழிற்சாலைக்கு வந்திருந்த வட ஜெர்மானியப் பொறியாளர் ஒருவரைப் பகலுணவுக்கு அழைத்து வந்தான். எம் கழுத்தைச் சுற்றியிருந்த கம்பளித் துண்டைக் கண்டு அவர் சிரித்தார். தம் ஊரில் இப்பருவத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்றும், தமக்கு இது இளவேனில் போன்றது என்றும் சொன்னார். வடபுலத்துப் பறவைகள் குளிருக்கு அஞ்சி வேடந்தாங்கலுக்கு வருவது போல, அவர் நாட்டாரும் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் குளிர்காலத்தில் தென்திசை நாடிப் போவார்களாம். அவர் ஆண்டுதோறும் செல்வது போர்ச்சுகல் நாட்டின் தென்கோடியிலுள்ள அல்கார்வ் என்னும் கடற்கரைப் பகுதி. சனவரி நண்பகலிலும் அங்கே 16 பாகை அளவு வெப்பம் இருக்கும். பலர் கடற்கரையில் வெயில் காயச் செல்ல, இவர் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் குதிரை லாயத்திற்குச் செல்வாராம்.

“முதல் வாரம் முழுவதும் கடிவாளத்தை என் கையில் கொடுக்கவே இல்லை,” என்றார். நீண்ட கயிற்றில் குதிரையைப் பிடித்து ஆசிரியர் வட்டமாய் ஓட்ட, இவர் எதனையும் பற்றாமல் உடம்பின் நிலையாலேயே சேணத்தில் அமரப் பழக வேண்டுமாம். ‘குதிரையின் வாயை இழுக்கும் உரிமை, உட்காரக் கற்றவனுக்கே உண்டு’ என்பது அவ்வாசிரியர் கொள்கை போலும்.

பேச்சினிடையே எம் மகனின் அடையாள அட்டையிலிருந்த பெயரைச் சுட்டி, “இதில் இராவுத்தர் என்பதற்கு என்ன பொருள்?” என்று வினவினார். தமிழாசிரியரிடம் சொற்பொருள் கேட்டால் மகிழ்ச்சிக்குக் குறைவுண்டா? “குதிரை வீரன் என்பது பொருள்” என்று நிமிர்ந்து சொன்னோம். அவர் கண்கள் மலர்ந்தன. “அப்படியானால் நீங்கள் நன்றாகக் குதிரை ஏறுவீர்களே?” என்றார்.

யாம் வாய் திறக்குமுன் மகன் முந்திக்கொண்டான்: “அத்தா குதிரை ஏறியது நிக்காஹ் அன்று ஒருநாள்தான். அதுவும் தெருமுனை வரைதான்.” வீடே சிரித்தது. யாமும் சிரித்தோம். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

தெருமுனை வரை சென்ற சவாரி

எம் குடியில் மணமகனைக் குதிரைமேல் ஏற்றி ஊர்வலம் விடுதல் பழைய வழக்கம். எம் மணநாளில் வாடகைக்கு ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. நால்வர் சேர்ந்து எம்மைத் தூக்கி வைத்தனர். கொட்டு முழக்கத்தில் குதிரை காதை மடக்கிற்று. யாம் பிடரி மயிரைப் பற்றினோம். அது மேலும் மிரண்டது. தெருமுனையில் இறங்கி, மாமனார் ஏற்பாடு செய்திருந்த காரில் ஏறிக்கொண்டோம். குதிரைக்காரர் எம்மை நோக்கி, “நீங்க பயந்தீங்க, அதான் அதுவும் பயந்திருச்சு” என்றார். அன்று அதனை ஏளனமாக எண்ணினோம். அது ஒரு கலையின் முதற்பாடம் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

ஏனெனில், 15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலை ஆண்ட துவார்த்தே மன்னர் குதிரையேற்றம் பற்றித் தம் கைப்பட ஒரு நூல் எழுதினார். 1438இல் அவர் இறந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. அதில் அவர் விரிவாகப் பேசும் பொருள்களுள் ஒன்று அச்சம். சேணத்தில் உறுதியாய் அமர்தலும் அஞ்சாமையும் பழக்கத்தால் வருவன என்று ஓர் அரசரே எழுதிவைத்தார். எம் ஊர்க் குதிரைக்காரர் ஒரு வரியில் சொன்னதும் அதன் சாரமே.

அல்கார்வும் அல்-கர்பும்

அல்கார்வ் என்ற பெயரே அரபு மொழியிலுள்ள அல்-கர்பு, அதாவது மேற்கு, என்னும் சொல்லின் திரிபு. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபியரும் பெர்பெர் மக்களும் அங்கே சென்றனர். 1249இல் மூன்றாம் அஃபோன்சோ மன்னர் ஃபாரோ நகரைக் கைப்பற்றும்வரை அப்பகுதியில் முஸ்லிம் ஆட்சி நிலவியது. ஆட்சி போயிற்று, குதிரையறிவு போகவில்லை. குறுகிய அங்கவடியில் கால் வைத்து, இலேசாக அமர்ந்து, நொடியில் குதிரையைத் திருப்பும் முறைக்கு அங்கே ‘ஜினேட்டா’ என்று பெயர். அது ஸனாத்தா என்னும் பெர்பெர் குலத்தின் பெயரிலிருந்து வந்தது. குதிரையைத் தேய்க்கும் சீப்புக்கும், சேணத்தில் தொங்கும் பைக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள் அரபுச் சொற்களே. இளநிலைப் படை அதிகாரிக்கு அவர்கள் சூட்டிய ‘அல்ஃபெரஸ்’ என்னும் பதவிப் பெயர், குதிரை வீரனைக் குறிக்கும் ‘அல்-ஃபாரிஸ்’ என்னும் அரபுச் சொல்லன்றி வேறன்று. கிரனாடாவில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஹுதைல் என்பார் குதிரைகளையும் வீரர்களையும் பற்றித் தனி நூலே யாத்தார்.

போர்ச்சுகீசியர் பகைவரிடமிருந்தும் கற்றனர், கற்றதனை எழுதினர், எழுதியதனைப் பழகினர். 1748இல் ஐந்தாம் ஜான் மன்னர் அலெந்தேஜு பகுதியில் ஆல்ட்டர் என்னுமிடத்தில் அரசக் குதிரைப் பண்ணை அமைத்தார். பிரெஞ்சுப் படையெடுப்பில் அது சூறையாடப்பட்டது. பின்னாளில் எஞ்சிய மிகச் சில குதிரைகளைக் கொண்டு அவ்வினத்தை மீட்டெடுத்தனர். பழைய அரசக் கழகத்தின் மரபைத் தொடரக் குதிரையேற்றக் கலைப்பள்ளி ஒன்றை 1979இல் நிறுவினர். கொலெகா என்னும் ஊரில் நவம்பர்தோறும் பெரிய குதிரைச் சந்தை கூடுகிறது. போர்ச்சுகலின் குதிரையேற்றக் கலையை 2024இல் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஸனாத்தா வீரனின் இருக்கைமுறை இவ்வாறு பல நூற்றாண்டு கடந்து ஒரு நாட்டின் பெருமையாயிற்று.

நம் கரையில் இறங்கிய குதிரைகள்

நம் கரையின் கதை என்ன? கடல்வழியே குதிரை வந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் வரலாறு அனைவரும் அறிந்ததே. மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளைச் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வந்த கப்பல்கள் காயல் துறையைத் தொட்டன. ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு அனுப்பக் கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் உடன்படிக்கை செய்திருந்தார் என்றும், ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதாம்! அவருடைய தம்பி தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராய்த் திகழ்ந்தார்.

இவற்றை மேடைகளில் யாமே பலமுறை பெருமிதத்தோடு முழங்கியிருக்கிறோம். ஆனால் அதே காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதிய மற்றொரு செய்தியை மேடையில் சொன்னதில்லை. மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் அவர். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்கு ஊட்டினார்களாம். நோய் கண்டால் பார்க்க ஆளில்லை. குதிரை வைத்தியம் அறிந்தோரை வணிகர்கள் உடன் அழைத்து வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! அப்பயணி மிகைப்படுத்தியிருக்கலாம். நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திர நூல் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. ஆயினும் ஏடு ஓரிடத்தும் லாயம் வேறிடத்தும் கிடந்தன என்று கொள்ளலாம் அன்றோ?

ஃபெர்னாவ் நூனிஸ் என்னும் போர்ச்சுகீசியர், 1530களில் விசயநகரில் வாழ்ந்த குதிரை வணிகர். அரசர் ஆண்டுக்கு 13,000 ஹோர்முஸ் குதிரைகள் வாங்கினார் என்பது அவர் தரும் கணக்கு. முன்பிருந்த சாளுவ நரசிம்மர், உயிரோடு வந்ததாயினும் இறந்ததாயினும் மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் என விலை கொடுத்தாராம். கடலில் இறந்ததன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழுவிலை கிடைத்துவிடும்! 1510இல் கோவாவையும் 1515இல் ஹோர்முஸையும் போர்ச்சுகீசியர் கைப்பற்றியபின் அரபியர் கையிலிருந்த அவ்வணிகம் அவர்கள் பிடிக்குள் போயிற்று. குதிரை வேண்டிய அரசர்கள் கோவாவின் முகம் பார்க்கலாயினர்.

இங்கே ஒன்று எண்ணத்தக்கது. சாவி, அலமாரி, ஜன்னல், மேசை, ஏலம் என்று எத்தனையோ சொற்களைத் தமிழுக்குத் தந்த போர்ச்சுகீசியர், குதிரையேற்றக் கலைக்குரிய ஒரு சொல்லையேனும் நம் வழக்கில் நிலைக்கச் செய்தாரில்லை. விலைபோனது குதிரை, கலை விற்பனைக்கு வரவில்லை. முன்பு அரபு வணிகர் செய்ததனையே பின்பு அவர்களும் செய்தனர். இதில் ‘நம்மவர்’, ‘பிறர்’ என்று பிரித்துப் பேச இடமில்லை. வாலுக்கு விலை கொடுத்தவன் குற்றமும் சிறியதன்று.

கேளாமல் விட்ட பாடம்

இனி எம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். வகுப்பிலே பரி, புரவி, இவுளி, வாசி, துரகம் என்று குதிரையின் பெயர்களை அடுக்குவோம். பாண்டியன் குதிரை கனவட்டம், சோழன் குதிரை கோரம், சேரன் குதிரை பாடலம் என்று மாணவரை ஒப்பிக்கச் செய்வோம். அதே ஊரில், எம் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, ஜட்கா ஓட்டும் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். எழுத்தறியாதவர். விடியுமுன் எழுந்து குதிரையின் நான்கு குளம்பையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு கண்டால் அன்று வண்டி பூட்டமாட்டார். குதிரை திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தால் வயிற்றில் காது வைத்துக் கேட்பார். கொள்ளை நிறுத்திவிட்டு, இரவெல்லாம் மெல்ல நடத்திக்கொண்டே இருப்பார். பலமுறை அவர் வண்டியில் கல்லூரிக்குச் சென்றிருக்கிறோம். வாடகை எவ்வளவு என்பதைத் தவிர வேறொன்றும் அவரிடம் கேட்டதில்லை.

ஆட்டோக்கள் பெருகின. அவர் குதிரை இறந்தது. சில ஆண்டில் அவரும் இறையடி சேர்ந்தார். மக்கள் வேறு தொழிலுக்குப் போயினர். அவர் எந்நோய்க்கு எம்மருந்து கொடுத்தார், குதிரையின் நடைகளை எச்சொற்களால் வேறுபடுத்தினார் என்பதெல்லாம் அவரோடு மண்ணுக்குள் போயின. இராவுத்தர் என்ற பெயரை எழுதிக்கொண்டவர் யாம். அப்பெயரின் பொருளாய் வாழ்ந்தவர் அவர். கனவட்டத்தைக் கற்பித்துவிட்டுக் கண்முன் நின்ற குதிரைக்காரரைக் கேளாதிருந்த தமிழாசிரியனின் நாணத்தை எவ்வாறு எழுதுவது?

ஒரகடத்துக் குதிரைத்திறன்

மறுநாள் மகனோடு வல்லக்கோட்டை வழியே சென்றோம். ஒரகடத்தை அடுத்த அவ்வூர் முருகன் கோயிலை 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். அவரே கந்தரலங்காரத்தில் முருகப்பெருமானை ‘இராவுத்தன்’ என அழைக்கிறார். துவார்த்தே மன்னர் போர்ச்சுகலில் குதிரையேற்ற நூல் எழுதிய அந்நூற்றாண்டில், தமிழ்ப் புலவர் ஒருவர் தம் கடவுளுக்கே சூட்டத்தக்க பெருமை அப்பெயருக்கு இருந்தது! இந்நிலம் குளம்பொலி அறியாததுமன்று. காஞ்சிபுரத்திற்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் முதலாம் மகேந்திரவர்மன் பகைவரை வென்றான். அதே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10இல் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர்.

இன்று அந்நிலத்தில் வேறு குதிரைகள் வந்திறங்கியுள்ளன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் தொடங்கப்பெற்றன. இவற்றின் எந்திர வலிமையையும் நாம் குதிரைத்திறன் என்றே அளக்கிறோம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஜேம்ஸ் வாட் வகுத்த அக்கணக்கு, லாயத்தைக் காணாத நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

மகனிடம் ஒரு வினா விடுத்தோம்: “நீ பூட்டும் அந்த உறுப்பை வரைந்தவர் யார்?” சற்று எண்ணி, “வரைபடம் வெளியிலிருந்து வரும், அத்தா. அதில் எங்கே தவறு நேர்கிறது என்று இப்போதுதான் நாங்களும் சொல்லத் தொடங்கியிருக்கிறோம்” என்றான். எம் மனத்தில் மார்க்கோ போலோவின் வரிகள் நிழலாடின. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய பெரிய கைப்பேசி ஆலையொன்று 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர் வேலையிழந்தனர். வந்த குதிரை போய்விட்டால் லாயக்காரன் கையில் மிஞ்சுவது யாது? அவன் கற்ற கலை மட்டுமே.

நிலைமை அன்றுபோல் இல்லை என்பதையும் மறைத்தலாகாது. வாகனங்களை ஆய்ந்து சோதிக்கும் நடுவண் அரசின் ஆராய்ச்சி மையம் ஒரகடத்திலேயே இயங்குகிறது. வண்டிகளை வடிவமைக்கும் நிலையங்களும் சென்னையைச் சுற்றி உள்ளன. குதிரை வைத்தியனை வரவிடாத வணிகனின் காலம் கழிந்தது. கற்கும் வாயில் திறந்திருக்கிறது. நுழைவதுதான் நம் கடன். கடிவாளம் கையில் வரும்வரை வட்டமாய்ச் சுற்றும் பொறுமையும் வேண்டும்.

ஒன்பது பக்கக் குறிப்பு

ஊர் திரும்புமுன் பேரனை மெரினா கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே வாடகைக் குதிரையில் அவனை ஏற்றினோம். யாம் ஏறவில்லை, அகவை இடந்தரவில்லை. குதிரைக்காரத் தம்பியின் அருகில் மணலில் நடந்தோம். என்ன தீனி, எப்போது தண்ணீர், மணலில் நடந்த குளம்புக்கு என்ன பக்குவம், லாடம் எத்தனை நாளுக்கொருமுறை என்று ஒவ்வொன்றாய்க் கேட்டோம். முதலில் வியப்போடு பார்த்தவர், பின்னர் வாடகைக்கு வந்த வேறொருவரையும் காத்திருக்கச் செய்துவிட்டுச் சொல்லலானார். இருட்டும்வரை எழுதினோம். ஒன்பது பக்கங்கள் நிறைந்தன. அவற்றுள் எந்நிகண்டிலும் யாம் காணாத சொற்கள் பல. விடைபெறும்போது அவர், “இதெல்லாம் யாரும் கேட்டதில்லை ஐயா” என்றார். நான்கு வீடு தள்ளி வாழ்ந்த முதியவரே அதனைச் சொன்னதுபோல் எம் செவியில் விழுந்தது.

மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவிலும் லாடம் கட்டுபவர், பாய் நெய்பவர், படகு கட்டும் ஓடாவி எவரேனும் இருப்பார். இவ்விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு அவரிடம் செல்லுங்கள். தொழிற்சாலைக்குப் போகும் தம்பிமாரே! பூட்டுவதோடு நில்லாமல், அவ்வுறுப்பு ஏன் அவ்வடிவில் அமைந்தது என்று நாளுக்கு ஒருமுறையேனும் கேளுங்கள். பெரியோர்களே! முன்னோர் பெருமையைப் பேசும் மேடையில், அவர்கள் இழந்ததனையும் சேர்த்துப் பேசுவோம்.

அந்த ஜெர்மானியர் அடுத்த மார்கழியிலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். “நீங்கள் குதிரை ஏறுவீர்களா?” என்று மீண்டும் கேட்டால், இல்லை என்றே சொல்வோம். ஆனால் இம்முறை அவர் கையில் கொடுக்க எம்மிடம் ஒன்பது பக்கங்கள் உள்ளன. அதற்குள் அவை தொண்ணூறு பக்கங்களாக வளர இறைவன் அருள்புரிவானாக!